பீரோவில் எட்டு அட்டை: சுகர் மாத்திரையைத் தெரிந்தே ஏன் விடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 62 வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஏழு வருடமாகச் சுகர். போன வாரம் பீரோவைச் சுத்தம் செய்தபோது வேட்டிகளுக்கு அடியில் எட்டு அட்டை மாத்திரை பிரிக்காமலே இருந்தது. கேட்டதற்குக் கோபப்பட்டு, சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். ஊருக்கே புத்தி சொன்ன மனிதர். தெரிந்தே ஏன் இப்படிச் செய்கிறார்?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா செய்திருப்பது அபூர்வமான காரியம் இல்லை. நீண்ட நாள் நோய்களுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களில், வசதியான நாடுகளிலேயே, ஏறக்குறையப் பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் ஓர் அறிக்கையில் எழுதியது. இந்தியாவில் சுகர் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்) பெரிய ஆய்வு 2023-ல் சொன்னது. எத்தனை வீட்டு பீரோக்களில் எத்தனை அட்டை கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் கரூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருபது வருடமாக மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். மாத்திரை போடுவதைப் பற்றி டாக்டரிடம் நோயாளி சொல்வது ஒன்று. எங்களுக்குத் தெரிவது வேறு. எங்களிடம் கணக்கு இருக்கிறது. காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதிய சீட்டுக்கு மாதம் 60 மாத்திரை வேண்டும். வாங்கிப் போனவர் ஐம்பதாவது நாள்தான் மறுபடி வருகிறார் என்றால் நாற்பது வேளை விட்டுப்போயிருக்கிறது. ஆரம்பத்தில் நான் "ஏன் அண்ணே இவ்வளவு லேட்டு?" என்று கேட்பேன். "ஊருக்குப் போயிருந்தேன்" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். பிறகு ஒரு நாள் கேள்வியை மாற்றினேன்: "எந்த வேளை மாத்திரை போடுறது சிரமமா இருக்கு?" அன்றிலிருந்து வேறு பதில்கள் வர ஆரம்பித்தன. சோம்பல், மறதி, அலட்சியம் என்று வீட்டில் சொல்கிற காரணங்கள் அவற்றில் குறைவாகத்தான் இருந்தன. பெரும்பாலானவர்களுக்குத் தெளிவான ஒரு காரணம் இருந்தது. அவர்கள் இடத்தில் நின்று பார்த்தால் அது நியாயமாகவும் இருந்தது.

ஒரு பஸ் டிரைவர். தொடர்ந்து வாங்குகிறவர், ஆனால் எப்போதும் பதினைந்து இருபது நாள் தள்ளித்தான் வருவார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் கடையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். இரண்டு வருடம் முன்பு ஒரு மதியம், காலை டிபனும் சரியாகச் சாப்பிடாமல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது உடம்பெல்லாம் வியர்த்திருக்கிறது. கை நடுக்கம், கண் மங்கல். எப்படியோ வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். கண்டக்டர் டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கிக் கொடுத்ததும் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. "நாப்பது உசுரு தம்பி வண்டியில" என்றார். அன்றிலிருந்து டியூட்டி நாளில் காலை மாத்திரை போடுவதில்லை. டாக்டரிடம் சொன்னால் வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று சொல்லவும் இல்லை.

அவர் சாப்பிட்டுவந்தது கிளிமிபிரைடு. சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரை. கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பது அதன் வேலை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சுகர் சரசரவென்று இறங்கும். சுகர் ஏறுவது உடனே தெரிவதில்லை. 'லோ சுகர்' ஒரே ஒரு முறை வந்தால் போதும், ஆயுசுக்கும் மறக்காது. அவர் அலட்சியமாக இருந்தார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தன் பயணிகளைக் காப்பாற்றத்தான் அவர் மாத்திரையை விட்டார்.

இதற்கு அடுத்து நடப்பதுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. நோயாளி பாதி மாத்திரைதான் போடுகிறார் என்று டாக்டருக்குத் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் சுகர் அதிகமாக இருக்கிறது. 1 மில்லிகிராம் 2 ஆகிறது. அவர் அதையும் பாதிதான் போடுகிறார். சீட்டில் எழுதிய அளவு ஏறிக்கொண்டே போகிறது. அப்புறம் ஒரு நாள் மகனோ மகளோ கண்டுபிடித்து, அழுது, சண்டை போட்டு, எதிரில் நின்று எல்லா மாத்திரையையும் ஒழுங்காகப் போட வைக்கிறார்கள். இதுவரை உண்மையில் சாப்பிட்டே பார்க்காத அளவு மருந்து ஒரே நாளில் உடம்புக்குள் போகிறது. வயதானவர்களுக்கு ராத்திரித் தூக்கத்தில் லோ சுகர் இப்படியும் வரலாம். அந்த எட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "இன்னையிலேர்ந்து ஒரு வேளை விடக் கூடாது" என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முதலில் டாக்டருக்கு உண்மை தெரிய வேண்டும். அளவை அவர் மறுபடி பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்தது மெட்ஃபார்மின். சுகருக்கு முதலில் எழுதுகிற மாத்திரை பெரும்பாலும் இதுதான். பிரான்சில் 1957-லேயே நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய பழைய, விலை குறைந்த, நம்பகமான மருந்து. ஆனால் ஆரம்ப வாரங்களில் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா காலை மாத்திரையை மட்டும் விட்டுவிடுவார். கழிப்பறை மூன்றாவது மாடியில். ஒன்பதரை மணிக்கு கவுண்டரில் நின்றால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் நகர முடியும். கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. வயிறு கலக்கும்போது போய்வர நேரம் தருவதற்கு எந்தச் சட்டம் வரும் என்று தெரியவில்லை. அவர் டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. ஆண் டாக்டர், கூட்டம் வேறு. நான் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மினை இரவுச் சாப்பாட்டோடு போடும்படி டாக்டர் மாற்றிக் கொடுத்தார். பிரச்சினை அதோடு தீர்ந்தது. இரண்டு வருடம் அவருடைய காலை மாத்திரைகள் குப்பைக்குப் போனதற்குக் காரணம் இவ்வளவுதான்.

அந்த மெதுவாகக் கரையும் மாத்திரையில் இன்னொரு சங்கதி உண்டு. சில கம்பெனி மாத்திரையின் கூடு அப்படியே மலத்தில் வெளியே வரும். மருந்து உள்ளே இறங்கிவிட்டிருக்கும், வருவது வெறும் கூடுதான். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பார்த்தவர்கள் "மாத்திரை கரையவே இல்லை, எதுக்குப் போட்டுக்கிட்டு?" என்று நிறுத்திவிடுகிறார்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு இதை நான் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

இந்த இரண்டு கதைக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். சுகர் 250 இருக்கும்போது உடம்பு சும்மா இருக்கிறது. மாத்திரை போட்டால்தான் வயிறு கலக்குகிறது, கை நடுங்குகிறது, பசிக்கிறது. உடம்பு சொல்வதைக் கேட்டு நடக்கிற மனிதருக்கு நோய் நல்லதாகவும் மருந்து கெட்டதாகவும் தெரிவதில் ஆச்சரியம் என்ன? நாம் சிறு வயதிலிருந்து பழகியதும் காய்ச்சல் மாத்திரைதான். காய்ச்சல் வந்தால் போடுகிறோம், விட்டால் நிறுத்துகிறோம். "டெஸ்ட் எடுத்தேன், நார்மல்னு வந்துடுச்சு, அதான் நிறுத்திட்டேன்" என்று வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் சொல்கிறார். நார்மலாக வந்தது மாத்திரையால் என்பதைப் புரியவைக்க நான் கண்ணாடியைக் காட்டுவேன். "கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாத் தெரியுதுன்னு கழட்டி வெச்சிடுவீங்களா?" என்பேன். வாசிக்கிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

டெஸ்டுக்கு முந்தின மூன்று நாள் மட்டும் ஒழுங்காக மாத்திரை போட்டு, சோற்றைக் குறைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. டாக்டரின் திட்டுக்குப் பயந்துதான். வெறும் வயிற்று சுகர் 110 என்று வரும். 'மூணு மாச ஆவரேஜ்' என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 9 என்று காட்டிக்கொடுத்துவிடும். அது ரத்தச் சிவப்பணுக்களில் இரண்டு மூன்று மாதமாக ஒட்டிச் சேர்ந்த சர்க்கரையின் அளவு. மூன்று நாள் பத்தியம் அதை மாற்றாது.

கிட்னி பயத்தைப் பற்றி எழுதாமல் இந்தப் பதில் முடியாது. "தொடர்ந்து சாப்பிட்டா கிட்னி போயிடும்" என்பது எங்கள் பக்கத்தில் படித்தவர், படிக்காதவர் எல்லோர் வாயிலும் இருக்கிறது. இந்த நம்பிக்கை வந்த வழியும் புரிகிறது. தெருவில் ஒருவர் பதினைந்து வருடம் சுகர் மாத்திரை சாப்பிட்டார். பிறகு டயாலிசிஸ் போனார். பார்த்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். அந்தப் பதினைந்து வருடமும் அவர் ரத்தத்தில் கட்டுப்படாமல் ஓடிய சர்க்கரை யார் கண்ணுக்கும் தெரியவில்லை. கிட்னியின் வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் eGFR என்று இருக்கும் எண்) 30-க்குக் கீழே போனால் டாக்டர்கள் மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்வார்கள். பலவீனமான கிட்னியால் வெளியேற்ற முடியாமல் மருந்து உடம்பில் தேங்கிவிடும் என்பதுதான் காரணம். கிட்னியைக் கெடுத்ததே அது என்பதால்தான் நிறுத்தினார்கள் என்று ஊருக்குள் செய்தி பரவுகிறது. உண்மையில் கிட்னிக்கு ஆபத்தான மாத்திரையை அதே ஆட்கள் என்னிடம் சீட்டே இல்லாமல் கேட்கிறார்கள்: மூட்டு வலி மாத்திரை. சுகர் மாத்திரைக்குப் பயந்து விட்டவர், வலி மாத்திரையைத் தினமும் இரண்டு போட்டுக்கொண்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

பயம் இன்சுலினைச் சுற்றி இன்னும் கெட்டியாக இருக்கிறது. "ஊசி வந்துட்டா கடைசி கட்டம்." இதில் எங்கள் தரப்பின் தப்பும் இருக்கிறது என்று நினைக்கிறேன். மருத்துவத் துறையில் இருக்கிற நாம்தான் "இப்படியே போனா ஊசிதான் போட வேண்டி வரும்" என்று வருடக்கணக்கில் மிரட்டுகிறோம். பிறகு ஊசி எழுதும்போது அது தண்டனையாகத்தான் தெரியும். சுகர் கண்டுபிடிக்கும் நாளிலேயே இன்சுலின் சுரக்கும் செல்களின் வேலையில் ஏறக்குறையப் பாதி போயிருக்கும் என்பதை, பிரிட்டனில் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வருடக்கணக்கில் கவனித்த ஆய்வு காட்டியது. மீதியும் மெல்ல மெல்லக் குறையும். சிலருக்கு ஊசி தேவைப்படுவது நோயின் இயல்பான போக்கு. நோயாளியின் குற்றம் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா மாதிரி இருக்கும் ஊசியில் வருவது 100 யூனிட். 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் அளவு தாறுமாறாகிவிடும். ஊசி ஒரு முறை தப்பாகி லோ சுகர் வந்து, அதோடு ஊசியையே வெறுத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

நாட்டு மருந்தைப் பற்றிக் கேட்டால் நான் யாரையும் கேலி செய்வதில்லை. வெந்தயம், பாகற்காய், ஆவாரம்பூ எல்லாம் நம் சமையலிலும் வைத்தியத்திலும் காலங்காலமாக இருப்பவை. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் இனிப்புச் சுவையே தெரியாது. வெல்லம் மண் மாதிரி இருக்கும். சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நாக்கில் இனிப்பு செத்துவிட்டதால் ரத்தத்திலும் செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து. பொடி சாப்பிடுகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

பணமும் ஒரு காரணம்தான். மாத்திரை விலை முன்பைவிட நிறைய இறங்கியிருக்கிறது. காப்புரிமை முடிந்ததும் 2019 கடைசியில் வில்டாகிளிப்டின் என்ற சுகர் மாத்திரையின் விலை பாதிக்கும் கீழே போனது. எம்பாகிளிஃப்ளோசின் என்ற இன்னொரு சுகர் மாத்திரைக்கு 2025 மார்ச்சில் அதே மாதிரி நடந்தது. அறுபது ரூபாய் அளவில் இருந்த மாத்திரைக்குப் பத்து ரூபாய் அளவில் வேறு கம்பெனி மாத்திரைகள் வந்தன. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் இலவச மாத்திரை வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போகும். அதனால்தான் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீடு தேடி வந்து மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பையில் மாத்திரையோடு வீட்டு வாசலில் வந்து நிற்கும் அந்தப் பெண், மாத்திரையை மட்டும் தருவதில்லை. "போன மாசம் கொடுத்தது தீர்ந்துச்சா பாட்டி?" என்று கேட்கிறார். பல பாட்டிகளிடம் அதைக் கேட்க வேறு ஆள் கிடையாது.

எங்கள் கடைகளால் வரும் குழப்பமும் உண்டு. ஒரே மருந்து, இந்த மாதம் பச்சை அட்டை, அடுத்த மாதம் வேறு கம்பெனியின் நீல அட்டை. எழுத்து பொடி. பழையது மிச்சம் இருக்க, புதியது வேறு மாத்திரை என்று நினைத்து இரண்டையும் போட்டவர்கள் உண்டு. பயந்துபோய் இரண்டையும் விட்டவர்களும் உண்டு. அட்டை மாறினால் பழைய அட்டையையும் கொண்டுவந்து காட்டச் சொல்வது எங்கள் கடமை. அவசரத்தில் பல கடைகளில் அது நடப்பதில்லை.

சரி, ஒழுங்காகப் போடுகிறவர்கள் எப்படிப் போடுகிறார்கள்? முப்பதாம் நாள் டாணென்று வருகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு மாத்திரை ஏற்கெனவே இருக்கிற ஒரு பழக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் அம்மா காபிப்பொடி டப்பாவின் மூடியில் அட்டையை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். மூடியைத் திறக்காமல் காபி கிடையாது. ஒரு பெரியவர் நாள்காட்டித் தாளைக் கிழித்த கையோடு போடுகிறார். மாத்திரை எண்ணிக்கை குறைவாக இருக்கிறவர்கள் அதிகம் ஒழுங்காக இருக்கிறார்கள். அதனால் இரண்டு மருந்தை ஒரே மாத்திரையாகத் தர முடியுமா என்று டாக்டரைக் கேட்பதில் தவறே இல்லை. பக்கத்து வீட்டில் சுகரால் ஒருவருடைய ஒரு காலை வெட்டி எடுத்தார்கள் என்றால் அந்த மாதம் எல்லோரும் ஒழுங்காக வாங்குவார்கள். அடுத்த மாதம் பழையபடி ஆகிவிடும். பயமுறுத்தினால் திருந்துவார்கள் என்ற எண்ணத்தை நான் விட்டு வெகுநாளாகிறது.

இப்போது உங்கள் அப்பா. அவர் ஏழு வருடமாகப் போடவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். அந்த அட்டைகளை எடுத்துப் பெயரையும் தேதியையும் பாருங்கள். எட்டும் ஒரே மருந்தா? சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரை மட்டும் மிச்சம் என்றால், எப்போதோ ஒரு லோ சுகர் வந்திருக்கலாம். யார் வீட்டிலாவது, கோயிலில், நடைப்பயிற்சியில் வந்திருக்கும்; உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் வயிறு. எல்லாமே கலந்து, இரவு வேளை மாத்திரைகள் என்றால் மறதியாகவும் இருக்கலாம், தூக்கமாகவும் இருக்கலாம். உங்கள் அம்மா உடல்நலமில்லாமல் இருக்கிறாரா, வீட்டில் ஏதாவது மாறியதா என்பதையும் பாருங்கள். ஓய்வுபெற்ற பிறகு மனம் சோர்ந்துபோய் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவர்கள் முதலில் விடுவது மாத்திரையைத்தான்.

கேட்கும்போது அட்டைகளை முன்னால் போட்டு விசாரணை வைக்காதீர்கள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைக் கேள்வி கேட்டவர். தனியாக, நடந்து போகும்போது, "அப்பா, இந்த மாத்திரை உங்களுக்கு என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். டாக்டரிடம் போகும்போது அட்டைகளைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். "வாரத்தில் ஏறக்குறைய இத்தனை வேளைதான் போடுகிறேன்" என்பதை அப்பா வாயாலேயே சொல்லவிடுங்கள். எந்த மாத்திரை லோ சுகர் வரவைக்கும், எது வரவைக்காது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த பஸ் டிரைவருக்கும் இதுதான் நடந்தது. டாக்டரிடம் சொன்னார். தனியாகச் சாப்பிட்டால் லோ சுகர் அவ்வளவாக வராத வேறு வகை மாத்திரைக்கு மாற்றினார்கள். இப்போது முப்பதாம் நாள் வருகிறார்.

வீட்டில் ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. கல்யாண வீட்டில் இனிப்புச் சாப்பிடுவதற்காகக் கூடுதலாக ஒன்று போடுவதும் கூடாது. ஏகாதசி விரதமோ நோன்போ இருந்தால் முன்னாலேயே டாக்டரைக் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள், சரியாகாவிட்டால் மறுபடி கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அவர் சட்டைப் பையில் நாலு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். அது இருக்கிறது என்று தெரிந்த பிறகு மாத்திரை போட ஒப்புக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.